இரண்டு மனுக்கள்

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். அது மனு எழுதுவது. 34 வருஷம் சர்க்கார் காரியாலயம் ஒன்றில் கணக்குப் பார்த்ததில், பென்ஷனைத் தவிர எனக்கு மிச்சமானது அது மட்டுமே. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் நின்றுபோனாலும், விளக்குக் கம்பம் சாய்ந்தாலும், "தாத்தாவைக் கூப்பிடு" என்பார்கள். நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் தங்கள் மேலான சமூகத்துக்கு வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று தொடங்கிவிட்டால், அப்புறம் பேனா தானாகவே ஓடும். இப்படி நான் எழுதிய மனுக்களில் இரண்டைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது மனு, ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்க வேண்டும் என்று கேட்டது.

அடையாற்றுக்குச் சமீபத்தில், ஒரு பெரிய வேப்ப மரத்தின் நிழலில், வீடு போலவே இருக்கும் சிறு பள்ளிக்கூடம் அது. மாண்டிஸோரி முறையில் நடப்பது. என் பேத்தியை அங்கே சேர்த்தது என் மகனுடைய ஏற்பாடு. பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையில் எல்லாக் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பார்கள் என்று கேட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. "வாய்ப்பாடு சொல்லாத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பென்ஷன் வாங்குகிறவனுடைய கேள்விகளுக்குச் சாதாரணமாகப் பதில் கிடைப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம் குழந்தை நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கத்துடன் வந்து சேர்ந்தாள். வகுப்பிலுள்ள ஒரு பையன் பிடித்துத் தள்ளிவிட்டானாம். அந்தப் பையனுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை; அவனுக்கு ஆட்டிஸம் என்று மட்டும் சொன்னால் போதும். பேச்சு அதிகம் வராது. சில சமயம் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். யாரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டான். இதெல்லாம் பெற்றோர்களுக்கு முன்பே தெரிந்த சமாசாரந்தான். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளியாகிவிட்டது. முற்காலத்தில் வம்பு பேச வேண்டுமானால் குளத்தங்கரை வரையில் நடந்தாவது போக வேண்டும். இப்போது குளத்தங்கரையே சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. "அடுத்த தடவை கண் போனால் யார் ஜவாப்தாரி?" என்று ஒருவர் கேட்டார். "தாயார் வேலைக்குப் போகிறாள், குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள், வேறென்ன ஆகும்?" என்று இன்னொருவர் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, மனு எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். "மேற்படி சிறுவனை அவன் நிலைமைக்கு ஏற்ற தனிப் பள்ளிக்கு அனுப்புவதே மற்றக் குழந்தைகளுக்கும், முக்கியமாக அவனுக்கும் நலம் பயக்கும்" என்று முடித்திருந்தேன். 'முக்கியமாக அவனுக்கும்' என்ற இரண்டு சொற்களை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செய்கிற காரியம் எதுவானாலும், அந்த இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் அதற்குத் தர்ம காரியத்தின் களை வந்துவிடுகிறது அல்லவா? 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைமை ஆசிரியை அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள். மனுவை வாங்கி மேஜைமேல் வைத்தார்; பிரிக்கவில்லை. "இதைப் படிக்கிறேன், ஐயா. அதற்கு முன்னால் நீங்கள் ஒரு நாள் காலை வகுப்பில் வந்து உட்கார வேண்டும். மூன்று நிபந்தனைகள்: பேசக் கூடாது, குழந்தைகளைப் பார்த்துச் சிரித்து அவர்களுடைய கவனத்தைக் கலைக்கக் கூடாது, நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார். என் மேலதிகாரிகள்கூட எனக்கு இவ்வளவு கண்டிப்பான உத்தரவு போட்டதில்லை.

மறுநாள் 9 மணிக்குப் போனேன். மூலையில் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். 24 குழந்தைகள் இருந்த அறையில் சந்தைக் கடைச் சத்தத்தை எதிர்பார்த்த எனக்குத் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது போன்ற ஒரு முனகல்தான் கேட்டது. ஒவ்வொரு குழந்தையும் தனக்கென்று ஒரு சிறு பாயை எடுத்து விரித்துக்கொண்டது. அலமாரியிலிருந்து தனக்குப் பிடித்த சாமானை எடுத்து வந்து பாயின் மேல் வைத்துக்கொண்டது. பாயின் மேல் இருக்கிற சாமான், அந்தக் குழந்தை திருப்பி வைக்கிற வரையில் அதற்கே சொந்தம். மற்றவர்கள் பாயைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டுமே தவிர மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு சாமானிலும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில்கூட நமக்குப் பழகாத ஒழுங்கு அது!

அந்தப் பையன் எல்லோருக்கும் பிறகு வந்தான். வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில் அவனுக்காக ஒரு வரிசைப் படங்கள் ஒட்டியிருந்தன: செருப்பு, பை, பாய், தண்ணீர்க் கூஜா, பலகாரம். செருப்பைக் கழற்றி வைத்ததும் செருப்புப் படத்தை எடுத்து ஒரு டப்பாவில் போட்டான். பையை மாட்டியதும் பைப் படத்தைப் போட்டான். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் உலகம் அவன் தலைமேல் இடிந்து விழுகிறது என்று பின்னால் அந்த அம்மாள் சொன்னார். பாயை விரித்து, அதன் ஓரத்தைத் தரையிலுள்ள கல்லின் கோட்டோடு சரியாகச் சேர்த்து வைத்தான். பிறகு, குமிழ் வைத்த பத்து உருளைகள் பொருந்தும் மரக்கட்டையைக் கொண்டுவந்தான். உருளைகளை எடுப்பான், போடுவான். மறுபடி எடுப்பான், போடுவான். நடுவில் இரண்டு கைகளையும் பறவை சிறகடிப்பதைப் போல் உதறிக்கொள்வான். ஒரே ராகமாக முனகிக்கொண்டிருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் அவனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

சற்று நேரம் கழித்து ஆசிரியை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இளஞ்சிவப்புக் கோபுரத்தின் கட்டைகளில் இரண்டை மட்டும் வைத்தார். பக்கம் 10 செண்டிமீட்டர் உள்ளது ஒன்று, 1 செண்டிமீட்டர் உள்ளது ஒன்று. "இது பெரியது" என்றார். "இது பெரியது" என்றான் அவன். "இது சிறியது." "இது சிறியது." "பெரியதை என்னிடம் கொடு." கொடுத்தான். "சிறியதைக் கொடு." கொடுத்தான். அடுத்தபடி, பெரிய கட்டையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். "இது என்ன?" என்றான் பையன், அதே குரலில், அதே இழுப்புடன்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆசிரியை முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மறுபடி இரண்டாவது படிக்கே போனார். "பெரியதைப் பாய்மேல் வை. சிறியதை உன் கையில் வை." ஐந்து மாதமாக இந்தப் படியிலேயே நிற்கிறார்களாம். பேர் சொல்வது, காட்டச் சொல்வது, பேரைக் கேட்பது என்ற இந்த மூன்று படிப் பாடம் மாண்டிஸோரி அம்மையாருடைய கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கும் முன்னால் இருந்த ஸெகன் என்ற பிரெஞ்சு வைத்தியருடையது.

பதினொரு மணிக்கு 'மௌன விளையாட்டு' நடந்தது. குழந்தைகள் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து, காதில் விழுகிற சத்தங்களைக் கேட்பார்கள். கடைசியில் ஆசிரியை ஒவ்வொருவர் பேரையும் ரகசியக் குரலில் கூப்பிடுவார். விளையாட்டுத் தொடங்கியதும் பையன் காதைப் பொத்திக்கொண்டான். மௌனத்தில் காதைப் பொத்துவானேன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் பேத்தி மெள்ள எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். பையன் கைகளை எடுத்தான். அந்த மின்விசிறி கிறீச்சிடுவது அதுவரையில் என் காதில் விழவே இல்லை. நின்ற பிறகுதான் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன்: "உன்னைத் தள்ளினவன் ஆயிற்றே, குட்டி! அவனிடம் உனக்குக் கோபம் இல்லையா?"

"நான்தான் அவன் பாயை மிதித்துவிட்டேன், தாத்தா. கட்டையெல்லாம் சரிந்து போயிற்று."

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே!"

14 பேர் கையெழுத்துப் போட்ட மனுவில் சாட்சியை விசாரிக்காத குறை இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் கதை இத்துடன் சுபமாக முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பையன் வேறு சில நாட்களில் வேறு சில குழந்தைகளையும் தள்ளியிருக்கிறான். எங்களுக்குப் புலப்படும் காரணம் எதுவும் இல்லாமலே தள்ளியிருக்கிறான். அப்பேர்ப்பட்ட குழந்தையின் பெற்றோர் கவலைப்படுவது நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கோப்பைப் பாதியில் மூடும் வழக்கம் எனக்கு இல்லை. அம்மாளிடம் புத்தகங்களை இரவல் வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். மாண்டிஸோரி அம்மையார் இத்தாலியில் 1870-ல் பிறந்தவர். 1896-ல் ரோமாபுரியில் வைத்தியப் பட்டம் பெற்றவர். அந்நாளில் மந்த புத்தியுள்ள குழந்தைகளையும் பைத்தியக்காரர்களையும் ஒரே விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். ஆட்டிஸம் என்ற பெயரே அன்றைக்குக் கிடையாது. விதவிதமான குழந்தைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக 1900-ல் ரோமாபுரியில் ஏற்பட்ட பள்ளியை நடத்தும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. ஸெகனும், அவருடைய குருவான இடார்டும் எழுதிய நூல்களைப் பிரெஞ்சிலிருந்து இத்தாலிய பாஷையில் பெயர்த்துத் தம் கையாலேயே பிரதி எடுத்தாராம். அவசரமாகப் படித்தால் சாரம் உள்ளே இறங்காது என்பதற்காக! அந்த இடத்தைப் படித்தபோது அம்மையாரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டாயிற்று. பிரதி எடுப்பவனுடைய அருமை பிரதி எடுத்தவனுக்குத்தானே தெரியும்?

அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றக் குழந்தைகளோடு சர்க்கார்ப் பரீக்ஷையில் உட்கார்ந்து தேறினார்கள். ஊரெல்லாம் அதிசயப்பட்டது. அம்மையாருக்கோ வேறொரு கவலை ஏற்பட்டது: 'இந்தக் குழந்தைகள் இவ்வளவு தூரம் வர முடியுமென்றால், ஆரோக்கியமான குழந்தைகளை நம் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்க வேண்டும்!' 1907 ஜனவரி 6-ந் தேதி ஸான் லொரென்ஸோ என்ற ஏழைப் பேட்டையில் 'குழந்தைகள் வீடு' திறந்தபோது, முன்னே அந்தக் குழந்தைகளிடம் கையாண்ட சாமான்களையே சாதாரணக் குழந்தைகளிடம் கொடுத்தார். உருளைக் கட்டை முதலியவை எல்லாம் இப்படி வந்தவையே.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாமான்கள் முதலில் யாருக்காக ஏற்பட்டன? என் பேத்தி கையாள்வது, அந்தப் பையனைப் போன்றவர்களிடமிருந்து இரவல் வந்த சொத்து. அந்தச் சொத்தை நாங்கள் வைத்துக்கொண்டு, சொந்தக்காரனை வெளியே அனுப்பும்படி மனுக் கொடுத்திருக்கிறோம்!

அம்மையார் நம் அடையாற்றுக்கே வந்து தங்கியவர் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். பிரம்மஞான சபையைச் சேர்ந்த அருண்டேல் தம்பதிகளின் அழைப்பின் பேரில் 1939 நவம்பரில் வந்தார். அவர் நடத்திய முதல் பயிற்சிக்கே சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதத் தங்கலுக்கு வந்தவர் யுத்தத்தில் அகப்பட்டுக்கொண்டார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அவர் விரோதி நாட்டுப் பிரஜையாகிவிட்டார். மகன் மாரியோவை ஆமத்நகர் முகாமில் வைத்தார்கள். அவருடைய 70-வது பிறந்த நாளையொட்டி வைசிராய் விடுதலை செய்தார். 1942 முதல் 1944 வரையில் தாயும் மகனும் கோடைக்கானலில் இருந்தார்கள். அந்த நடு வருஷமாகிய 1943-ல்தான், கடலுக்கு அப்பால் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளை வர்ணித்து, ஆட்டிஸத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் இடம் ஏற்படுத்திய கட்டுரையை வெளியிட்டார். கானரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒரு பெரிய தவறும் செய்தார்கள். தாயாரின் அன்புக் குறைவே காரணம் என்ற அபவாதத்தை வளரவிட்டார்கள். 1964-ல் ரிம்லண்ட் என்பவர், தாமே அப்படிப்பட்ட ஒரு மகனுக்குத் தகப்பனாராக இருந்து, அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேற்றுமை அது என்பது இன்று தீர்ந்த விஷயம். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் 1964 இன்னும் வந்து சேரவில்லை.

நம் பத்திரிகைகள் இதற்கு 'மன இறுக்கம்' என்று ஒரு பெயர் வைத்துப் பார்த்தன. அந்தப் பையனைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. அவன் மனத்தில் இறுக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாச் சத்தமும் எல்லா வெளிச்சமும் தடையில்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன என்பதுதான் அவனுடைய கஷ்டம் என்று தோன்றுகிறது.

மாண்டிஸோரி முறையே சர்வரோக நிவாரணி என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மையார் ஸான் லொரென்ஸோவில் ஒரு மூன்று வயதுப் பெண், 40 தடவைக்கு மேல் உருளைகளைப் போட்டு எடுத்ததைக் கண்டு ஆனந்தப்பட்டார். குழந்தையின் ஏகாக்கிர சித்தத்துக்கு அதையே அத்தாட்சியாகக் கொண்டார். ஆனால் இந்தப் பையன் 40 தடவை போட்டு எடுப்பதும் அதுதானா, அல்லது சுழலில் அகப்பட்டுக்கொண்ட துரும்பின் சுற்றலா? தலைமை ஆசிரியையிடம் கேட்டேன்.

"எங்களுக்கும் அந்தக் கேள்வி தினமும் உண்டு. விட்டுவிட்டால் வருஷம் பூராவும் அதையே செய்வான். ஆகையால் சுதந்திரத்தில் கொஞ்சம் கை வைக்கிறோம். கட்டையை ஒரு பாயிலும் உருளைகளை அறையின் மறுகோடியில் இன்னொரு குழந்தையின் பாயிலும் வைக்கிறோம். உருளை வேண்டுமென்றால் அவன் அந்தக் குழந்தையிடம் போய்த்தான் ஆக வேண்டும்" என்றார். இதைத் தவிர, அவன் அருகிலேயே இருப்பதற்கு உதவி ஆசிரியை ஒருவர். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. சத்தம் அதிகமானால் போய் ஒதுங்குவதற்குத் திரை போட்ட ஒரு மூலை. இவ்வளவுக்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இவை எதுவும் இல்லாமல், "நாங்களும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக் குழந்தையை மூலையில் உட்கார வைக்கிற பள்ளியைவிட நல்ல தனிப் பள்ளி மேல். முந்திய வருஷம் வந்த வேறொரு குழந்தைக்கு 24 பேர் உள்ள அறை தாங்கவில்லை. தனிப் பள்ளிக்குப் போய் அங்கே சௌக்கியமாக இருக்கிறாளாம். ஜெர்மனியில், ம்யூனிச் நகரத்தில் ஹெல்ப்ரூகே என்ற குழந்தை வைத்தியர் முன்பே, குறையுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் மாண்டிஸோரிப் பள்ளியை ஏற்படுத்தினார். பள்ளிக்குப் பக்கத்திலேயே வைத்திய நிலையத்தையும் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட 13 பேரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 14-வது கையெழுத்து என்னுடையது. சிலர் தலையை ஆட்டினார்கள். ஒருவர், "உங்களுக்கென்ன, பேத்திக்குக் காயம் ஆறிவிட்டது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு குடும்பங்கள் குழந்தைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டன. அதனால் பள்ளிக்கு ஏற்பட்ட நஷ்டம் சிறியது அல்ல.

ஒரு வருஷம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுடைய தாயார் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவனுக்கு ஆறு வயது ஆகிவிட்டது. முதல் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். ஏற்கெனவே ஒரு பள்ளியில், "எங்களிடம் அதற்கான வசதி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"ஒரு மனு எழுதித் தர வேண்டும், மாமா" என்றாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அம்மா, நான் முன்பு ஒரு மனு எழுதினேன். உனக்கு அது..." என்று இழுத்தேன்.

"படித்தேன், மாமா. யாரோ போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். ரொம்ப நன்றாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடமே வந்தேன்" என்றாள். அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்; தென்படவில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சற்று சௌகரியமாக இருந்திருக்கும்.

உட்கார்ந்தேன். உடற்குறை உள்ளவர்களின் உரிமைகள் பற்றிய 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில், ஆட்டிஸம் உள்பட 21 குறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சர்க்கார் பண உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாரபட்சம் இன்றி அப்படிப்பட்ட குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களோடு கூடவே படிப்பிக்க வேண்டும் என்று 16-வது பிரிவு சொல்லுகிறது. 6 வயது முதல் 18 வயது வரையில் அவர்களுக்கு இலவசக் கல்விக்கு உரிமை உண்டு என்பது 31-வது பிரிவு. இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டி எழுதினேன். வழக்கமான "மேலான சமூகத்துக்கு" என்ற வார்த்தைகளை இந்தத் தடவை போடவில்லை. பையன் கட்டைகளைக் கையாள்வதைப் பற்றியும், படங்களைப் பார்த்து அவன் தானாகவே செய்கிற காரியங்களைப் பற்றியும் நான் கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதினேன். அவன் சில சமயம் மற்றவர்களைத் தள்ளுவதுண்டு என்பதையும் எழுதினேன். தாயார் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள், அடிக்கச் சொல்லவில்லை.

நான் எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பையன் என் மேஜையடியில் உட்கார்ந்து, என் பழைய பேனாக்களையும் பென்ஸில்களையும் உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். மொத்தம் ஒன்பது இருந்தன. வரிசையில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தான். என்னவென்று எனக்குப் புரியவில்லை. என் பேத்தி குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, உங்கள் கையில் இருக்கிற பேனாவுக்குத்தான் அந்த இடம்" என்றாள்.

மனு போய் மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. ஞாபகக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் போட வேண்டும்.